சிவப்புப் பொட்டு இல்லாத தோட்டாக்கள்

ரைஃபிள் போல்ட்டின் கைப்பிடி பாதி இறங்கி நின்றுவிட்டது. தோட்டா உள்ளே போய்விட்டது, ஆனால் அதன் முதுகில் கதவைச் சாத்த முடியவில்லை. உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டியிருந்தால் இறங்கியிருக்கும். என் புருசன் வெண்டல் பக்கத்தில் இருந்திருந்தால் என் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பார். "வேணாங்குற துப்பாக்கிகிட்ட மல்லுக்கட்டாத மிர்னா" என்பார். இழுத்து வெளியே எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டேன். அதுவும் அதே இடத்தில் நின்றது. அடுத்ததும் அப்படித்தான்.

ஜல்லிக் குழியில் என்னைத் தவிர யாரும் இல்லை. மான் பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரம், சனி ஞாயிறில் ஊரில் பாதிப் பேர் அங்கே குறி சரிபார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனதே அவர்கள் கண்ணில் படாமல் இருக்கத்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, குரலைத் தணித்து, "எப்படிம்மா இருக்க?" என்று ஆகஸ்டில் வெண்டல் போனதிலிருந்து எல்லோரும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. எப்படி இருப்பேன்? இருக்கிறேன்.

அந்தப் பெட்டியில் இருந்த இருபது தோட்டாக்கள் வெண்டல் கடைசியாகச் செய்தவை. மே மாதம் முழுக்க வீட்டின் அடித்தள அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒன்று செய்து, மூச்சு வாங்கி, இன்னொன்று செய்து, அப்படி முடித்தவை. நான் மேலே சமையலறையில் இருப்பேன். தோட்டா அடைக்கும் அவருடைய பிரஸ்ஸின் நெம்புகோல் இறங்கும்போது தரை வழியாக ஒரு சின்ன அதிர்வு காலுக்கு வரும். தான் போன பிறகும் இவள் சாப்பிட வேண்டுமே என்று எனக்காகச் செய்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொண்டு பாத்திரம் தேய்ப்பேன். அந்த மாதத்தில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்த அதிர்வுதான்.

எனவே இந்த வருடம் எனக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. குளிர்காலத்துக்கான இறைச்சி அவர் கையால் செய்த தோட்டாவில் வர வேண்டும். கடையில் போய்ப் புதுப் பெட்டி வாங்கி ஒரு எல்க் மானைச் சுட என்னால் முடியும். அதை உரித்து, வெட்டி, ஃப்ரீசரில் அடுக்கவும் முடியும். நான் என்ன பட்டணத்துப் பெண்ணா? ஆனால் அப்படி வரும் இறைச்சியை ஒரு தட்டில் வைத்து, ஒற்றை ஆளாக உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்பதுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து டுவைனை ஃபோனில் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரன், அதாவது மூன்று மைல் தள்ளி இருப்பவன். வெண்டலோடு முப்பது வருடம் மீன் பிடித்தவன். அவனும் தன் தோட்டாவைத் தானே அடைத்துக்கொள்பவன்தான்.

"முதல்ல துப்பாக்கியச் சுத்தம் பண்ணினியா?" என்றான்.

"உன் வண்டி மாதிரி நினைச்சியா? போன வாரமே துடைச்சு வச்சாச்சு."

"சரி சரி, கடிக்காத. அந்தப் பழைய அளவுகோல் இருக்குல்ல, வாய் மாதிரி திறக்குமே, அதை எடுத்து நீளத்தை அளந்து பாரு."

அளந்தேன். சென்ற வருடத் தோட்டா ஒன்று என் கோட்டுப் பையில் கிடந்தது. அதன் நீளம்தான் இவற்றுக்கும் இருந்தது.

"அப்ப குண்டு நீட்டிக்கிட்டு இல்ல. கறுப்பு மார்க்கர் பேனா இருக்கா? தோட்டா முழுக்கப் பூசு. காஞ்சதும் வாசல்ல போய், மலைப் பக்கம் குழாயத் திருப்பி வச்சுக்கிட்டு, மெதுவா உள்ள விட்டு எடு. எங்க மை உரிஞ்சிருக்கோ அங்கதான் முட்டுது."

ஃபோனைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் போய் வந்தேன். குண்டின் மேல் மை அப்படியே இருந்தது. கழுத்திலும் உடம்பிலும் இருந்தது. குண்டைப் பிடித்திருக்கும் பித்தளைக் கூட்டின் கழுத்துக்குக் கீழே சரிவாக இறங்கும் தோளில் மட்டும், சுற்றி ஒரு மெல்லிய வளையமாகப் பித்தளை பளபளத்தது.

"தோள்" என்றேன்.

டுவைன் குரலைத் தணித்துக்கொண்டான்.

"மிர்னா, கோவிச்சுக்காத. கூட்டை அச்சுல சரியா இறக்கல. அதான் தோள் பின்னால போகல. மே மாசம் அந்த மனுசன் எப்படி இருந்தாருன்னு நீயும் பாத்த, நானும் பாத்தேன். வலி மாத்திரை வேற. கை தப்பியிருக்கும்."

"அவர் கை தப்பாது."

"எல்லாருக்கும் தப்பும்மா."

"உனக்குத் தப்பும். ரெண்டு வருசம் முன்னாடி வெடிமருந்தே போடாம ஒரு தோட்டா அடைச்சு, மான் முன்னாடி 'டிக்'குன்னு ஒரு சத்தம் விட்டியே, நீயா என் புருசனுக்குப் பாடம் எடுக்கற?"

"அடேயப்பா, அதை இன்னும் வச்சிருக்கியா நீ?" என்று சிரித்தான். "கேளு. பெட்டியக் குடு. சுத்தியல் மாதிரி ஒரு சாமான் இருக்கு எங்கிட்ட, தட்டினா குண்டும் மருந்தும் தனியா வந்துரும். பிரிச்சு, கூட்டை முழுசா நசுக்கி, திரும்ப அடைச்சுத் தரேன். ஒரு சாயங்கால வேலை. வியாழக்கிழமை ரைஃபிள் எடுக்க வரேன்ல, அப்ப எடுத்துட்டுப் போறேன்."

ரைஃபிள் என்று அவன் சொன்னது வெண்டலுடையதை. செப்டம்பரில் ஒரு பலவீனமான நாளில், சுவரில் அதைப் பார்க்கவே பிடிக்காமல், உன் மகனுக்கு எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருந்தேன். இப்போதும் சரி என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

பிரிப்பது. அவர் மூச்சு வாங்கி வாங்கி அடைத்ததை டுவைன் வீட்டுக் கொட்டகையில் சுத்தியலால் தட்டிப் பிரிப்பது. பிறகு அது யார் செய்த தோட்டா? டுவைன் செய்தது. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் வெண்ணெயும் எடுத்து வைத்து, இரண்டையும் திரும்ப உள்ளே வைத்தேன்.

எனக்கு ஆத்திரமும் இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும். ஏப்ரலில் மருத்துவர் இன்னொரு சிகிச்சை இருக்கிறது என்றபோது, வெண்டல் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு, "போதும் டாக்டர், எனக்கு நிறைவா இருக்கு" என்றார். பேருந்து வந்துவிட்டது, ஏறுகிறேன் என்பது போலச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி நான் அழுதேன். அவர் என் முதுகைத் தட்டி, "நான் தயாராயிட்டேன் கெழவி. நீயும் ஆயிடு" என்றார். அடக்கத்தன்று பாதிரியார் அந்த நிம்மதியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். பாலாடை உருளைக்கிழங்குப் பாத்திரங்களோடு வந்த பெண்கள் எல்லோரும் கொடுத்து வைத்தவர், என்ன ஒரு அமைதி என்றார்கள். நானும் தலையாட்டினேன். உள்ளே எனக்கு என்ன இருந்தது தெரியுமா? நாற்பத்தொரு வருடம் கூட இருந்தவளை விட்டுப் போக, ஒரு சின்ன முரண்டு கூடப் பிடிக்கவில்லையே இந்த மனுசன் என்றிருந்தது. டயர் கடைக்காரனோடு இதைவிட அதிகமாகச் சண்டை போட்டிருக்கிறார்.

டுவைன் சொன்னது எனக்குப் பொருந்தி வராததற்கு ஒரு காரணம் உண்டு. சுட்டவுடன் பித்தளைக் கூடு உப்பி, துப்பாக்கிக்குள் தான் இருந்த அறையின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். டுவைன் மாதிரி ஆட்கள் மறுபடி அடைக்கும்போது அதை அச்சில் விட்டு முழு உடம்பையும் நசுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். எந்தத் துப்பாக்கியிலும் அது போகும். வெண்டல் கழுத்தை மட்டும்தான் நசுக்குவார், குண்டைப் பிடிக்க அது போதும் என்று. உடம்பையும் தோளையும் தொடமாட்டார். அது சுடப்பட்ட அதே துப்பாக்கிக்குத் திரும்பிப் போனால், கழற்றிப் போட்ட செருப்பில் கால் நுழைவது போல நுழையும். கூடும் ரொம்ப நாள் உழைக்கும். தோளையே தொடாத மனிதர் தோளில் எப்படித் தப்பு செய்வார்?

எங்களுடையவை ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு ரைஃபிள்கள். ஒரே அளவு, ஒரே வகை. என்னுடையதில் தோளில் பதியும் மரக் கட்டையை மட்டும் என் கைக்கு ஏற்ப அறுத்துக் குட்டையாக்கினார். ஆனாலும் ஒன்றின் கூடு இன்னொன்றில் சரியாக உட்காராது, மயிரிழை வித்தியாசம் இருக்கும். அதனால் என் கூடுகளின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பார். நகப்பூச்சு வாங்க மருந்துக்கடைக்கு அவரே போனார். எந்த நிறம் வேண்டும் என்று கேட்ட பெண்ணிடம், "மானுக்குப் பிடிச்ச நிறமா குடும்மா" என்றாராம். நான் ஜென்மத்தில் நகத்துக்குப் பூச்சு பூசியவள் இல்லை.

இந்தப் பெட்டியில் இருந்தவற்றுக்குப் பொட்டு இல்லை. அதைக் கவனித்தேன். பூச்சு காய்ந்து போயிருக்கும், உடம்பு முடியாத மனிதர் அதற்காகவா கடைக்குப் போவார் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் அடித்தளத்துக்கு இறங்கினேன். ஆகஸ்டுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. டுவைனின் கொட்டகை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் இருபதும் அவனுடைய இருநூறோடு கலந்துவிட்டால் பிறகு கடவுள் வந்தாலும் பிரிக்க முடியாது. கொடுப்பதற்கு முன் எதையாவது வைத்து அடையாளம் போட வேண்டும். அந்தப் பழைய பூச்சில் நாலு சொட்டு தேறுமா என்று பார்க்கத்தான் போனேன்.

எல்லாம் அவர் வைத்த இடத்தில் இருந்தது. தராசுக்குத் துணி போர்த்தியிருந்தார். ஸ்டூலின் மேல் என் சோபாத் தலையணை ஒன்று இருந்தது, ஜூனிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த தலையணை. நகப்பூச்சுப் புட்டி ஜன்னல் விளிம்பில் இருந்தது. திருகினேன். சுலபமாகத் திறந்தது. தூரிகை சொட்டச் சொட்ட வெளியே வந்தது, அடர்ந்த சிவப்பாக, வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே.

காய்ந்து போகவில்லை. அப்படியென்றால் ஏன் பொட்டு வைக்கவில்லை?

அலமாரியில் இரண்டு காப்பித்தூள் டப்பாக்கள். என்னுடையதைத் திறந்தேன். என் கூடுகள் எல்லாம் அங்கேயே கிடந்தன, அடியில் சிவப்புப் பொட்டோடு, வாயில் சுட்ட கரி அப்படியே ஒட்டியபடி. ஒன்றைக் கூட அவர் தொட்டிருக்கவில்லை. அடுத்த டப்பாவைத் திறந்தேன். அவருடையது. அது காலியாக இருந்தது.

கொஞ்ச நேரம் அந்தக் காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். புரிந்துவிட்டது, ஆனாலும் புரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே போய், சுவரிலிருந்து அவருடைய ரைஃபிளை இறக்கினேன். கொல்லைப்புறத்துக்குப் போய், மேட்டுப் பக்கம் குழாயைத் திருப்பி, பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து வைத்து போல்ட்டைத் தள்ளினேன்.

விரல் நுனி பட்டதும் இறங்கியது. சத்தம் கூட இல்லை.

இன்னொன்று. இன்னொன்று. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் போட்டு எடுத்தேன். ஒன்று கூட முரண்டு பிடிக்கவில்லை. அவர் கை எங்கேயும் தப்பவில்லை. மாத்திரையும் வலியுமாக இருந்த மே மாதத்திலும் மயிரிழை பிசகவில்லை. அத்தனையும் அவருடைய துப்பாக்கிக்கு அவர் செய்துகொண்டவை. எனக்கென்று ஒன்று கூட இல்லை.

"யோவ் கெழவா" என்றேன் சத்தமாக. பைன் மரங்களைத் தவிர யார் கேட்கப் போகிறார்கள்? "தயாராயிட்டேன்னியே. நிறைவா இருக்குன்னியே. மலைக்கு வரலாம்னுதான் இருந்தியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, பிறகு இரண்டும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது. ஸ்வெட்டர் கையால் துடைத்தேன். எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறார். மருத்துவரை, பாதிரியாரை, என்னை. நான் தூங்க வேண்டும் என்பதற்காக மேலே என்னிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு, கீழே இறங்கிப் போய், என் தலையணையைப் போட்டு உட்கார்ந்து, அக்டோபர் வேட்டைக்கு ஏற்பாடு செய்திருக்கிறார். அவர் முரண்டு பிடித்த சத்தத்தைத்தான் நான் தரை வழியாகக் காலில் வாங்கிக்கொண்டு பாத்திரம் தேய்த்திருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பயமாக இருக்கிறது மிர்னா, போக மனசில்லை என்று சொல்லியிருந்தால் என்ன? படி இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே.

மத்தியானம் டுவைன் வந்தான். தொப்பியைக் கழற்றிவிட்டு, காலைத் தட்டிவிட்டு, சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தான். காப்பி ஊற்றினேன். மேசை மேல் பெட்டி இருந்தது. அவன் ஒரு தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பாக்க அழகாத்தான் இருக்கு" என்றான். "மனசு கேக்கலதான். ஆனா நான் சொன்னேன்ல, தோள். அந்த நிலைமையில யாருக்கும் தப்பும்."

அவன் முகத்தைப் பார்த்தேன். முழுசாக நசுக்குகிற ஆள், அவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஒரு வாக்கியம் சொன்னால் போதும், நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவான். வெண்டல் தப்பே செய்யவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதோடு சேர்ந்து இன்னொன்றும் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் தேவாலயத்தில் தலைகள் சாயும். பாவம், கடைசி வரைக்கும் ஆசை விடவில்லை போல என்பார்கள். அவர் என்னிடமே சொல்லாத ஒன்றை இவர்கள் காப்பியோடு சேர்த்துக் குடிப்பார்கள்.

"நீ சொன்னதுதான் சரி டுவைன்" என்றேன். "கை நடுங்கியிருக்கும்."

நாற்பத்தொரு வருடத்தில் அந்த மனுசனின் வேலையைப் பற்றி நான் சொன்ன முதல் குறை அதுதான்.

டுவைனுக்குத் தான் சொன்னது சரியாகிவிட்ட சந்தோஷம். அதை மறைக்கத் தெரியாமல் குக்கீயை எடுத்துக் கடித்தான். "குடு அப்ப, பிரிச்சுத் தரேன்."

"வேணாம். இருக்கட்டும். பாத்துக்கிட்டு இருக்கேன்."

"சரி. ரைஃபிள்?"

"அதுவும் இந்த வருசம் இருக்கட்டும். உன் பையன் கோவிச்சுக்குவானா?"

"அவன் கெடக்கறான். ஆனா அந்தக் கட்டை உனக்கு நீளமாச்சேம்மா. தோள்ல இடிச்சு நீலமாயிடும்."

"நீலமாகட்டும். மடிச்ச துண்டு வச்சுக்கறேன்."

"தோட்டா?"

"கடையில வாங்கிக்கறேன்" என்றேன்.

அவன் கிளம்பும்போது வாசலில் நின்று, தலையைச் சாய்த்து, "எப்படிம்மா இருக்க?" என்றான். இருக்கேன் என்றேன். வண்டி சரளையில் இறங்கி, திருப்பத்தில் மறைந்தது.

பருவம் திறந்த காலையில் துண்டை மடித்துக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டேன். எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு, மலையில் எந்தப் பக்கம் போகிறோம் என்று வீட்டில் இருப்பவரிடம் சொல்லாமல் கிளம்பக் கூடாது. யாரும் இல்லாத சமையலறையைப் பார்த்து, "வில்லோ ஓடைக்கு மேல, விழுந்த மரத்துக்கிட்ட" என்றேன். ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது.

அந்த மரத்தில் அவர் எப்போதும் உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்தேன். வருடத்துக்கு அவர் சுடும் கணக்கைப் பார்த்து, கஞ்சன் என்று நான் கேலி செய்வது வழக்கம். குறி பார்க்க இரண்டு, மானுக்கு ஒன்று. அதற்கு மேல் அவர் சுட்டு நான் பார்த்ததில்லை. இந்த ஒரு அக்டோபருக்குத்தான் என்றால் மூன்று செய்திருந்தால் போதும், மே மாதத்தில் அவர் அவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம்.

வரிசையாக இருபது இருந்தன, ஆறேழு அக்டோபருக்கு. ஒன்றை எடுத்து அவருடைய துப்பாக்கியில் போட்டு, விரல் நுனியால் போல்ட்டை இறக்கினேன்.